ஜன்னல் இல்லாத அறையின் கடல்

கடலை அடக்கியாண்ட மனிதர்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவரான வென்-லுங், கீலுங் துறைமுகத்திலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலின் ஜன்னலில்லாத உள்ளறையில், கட்டில்மேல் சம்மணமிட்டு, ரிமோட்டை அழுத்திக் கடலின் நீலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். கப்பலின் முகப்புக் கேமரா காட்டும் அலைகள் தொலைக்காட்சியில் புரள்கின்றன. மனைவி யூ-ச்சின் அதன் இருபுறமும் குளியல் துண்டுகளைத் திரைச்சீலை போலத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். "கை வலிக்குதுங்க. உள்ளதைச் சொல்லிட்டாத்தான் என்ன?" "போன வருஷம் பால்கனி ரூம்ல போயிட்டு வந்த அண்ணன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்!" வீடியோ அழைப்பில் அண்ணன் முகம் வருகிறது. "என்னடா, பொந்துக்குள்ள அடைச்சுட்டாங்களா?" "பொந்தா? கண்ணைத் தொடைச்சுட்டு நல்லாப் பாருண்ணே!" வென்-லுங் நெஞ்சை நிமிர்த்திக் கைபேசியைக் கடல் பக்கம் திருப்புகிறார். அண்ணன் வெகுநேரம் பார்க்கிறார். கடலின் வலது மூலையில் 'சேனல் 12' என்று எழுதியிருக்கிறது.