எட்டு வரிகள்

“ஏழு, அஞ்சு, ஒன்பது, ஜீரோ, எஃப், எஃப்…”

சென்னையிலிருந்து கோகுல் போனில் வாசித்தான். தீவில், ஜங்லிகாட்டில், ரேடியோ பழுது பார்க்கும் தன் கடையில், உதயசூரியன் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் தட்டினான். ஒன்று தவறினாலும் சிப் ஏற்காது.

அன்று காலை பத்து மணிக்கு நிலம் ஆடியிருந்தது. வீட்டு அலமாரியிலிருந்து சுனாமி எச்சரிக்கைப் பெட்டி விழுந்து, உள்ளே இருந்த சிப் உடைந்தது. பச்சை விளக்கு அணைந்தது. நிறைமாத வயிற்றோடு அவன் மனைவி திவ்யா தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிவிட்டாள்.

கச்சால் தீவில் முன்பு சுனாமி அவளுடைய அம்மாவையும் மூன்று வயது மகனையும் கொண்டுபோயிருந்தது. பச்சை மூன்று முறை மின்னி ஓய்ந்தால் கடல் அமைதி. சிவப்பு எரிந்தால் ஓட வேண்டும். அப்படிச் சொல்லி உதயசூரியன் அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்த பிறகுதான் கடலோர வீட்டுக்குக் குடிவரச் சம்மதித்தாள். நான்கு வருடமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள்.

புது சிப் இருந்தது. எழுதிய புரோகிராமைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றும் கம்பைலர்தான் இல்லை. முப்பது நாள் ஓசியில் ஓடியது போன வாரம் நின்றுவிட்டது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொன்று மூன்று நாளாக இறங்கி, பாதியில் நின்றது. நிலம் ஆடிய பின் இன்டர்நெட்டே இல்லை.

அந்த இலவசக் கம்பைலரை உருவாக்குகிறவர்களில் கோகுல் ஒருவன். மெயிலில் மட்டும் பழக்கம். உதயசூரியன் பெட்டி எதற்கென்று சொல்லி, புரோகிராமைப் போனில் வாசித்தான். கோகுல் அதை அங்கே கம்பைல் செய்து, வந்த எண்களைத் திருப்பி வாசித்தான்.

“மொத்தமே எட்டு வரிதான் வந்திருக்கு சார். மிச்சம் வேற சிப்ல இருக்கா?”

“நீ வாசி தம்பி.”

ஏழாவது வரி முடிந்ததும் லைன் அறுந்தது.

உடனே மணி அடித்தது. கோகுல் இல்லை. மேட்டிலிருந்து திவ்யாவின் சித்தி அமிர்தவல்லி.

“மாப்ள, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. புள்ள குறுக்கால கெடக்குன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்கள்ல?”

“தூக்கிட்டு வந்துருங்க அத்தை.”

“நாலு பேரு தூக்கிப் பாத்தாச்சு. தொட்டிக் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறா. ஆட்டோக்காரன் கையக் கடிச்சு வச்சிட்டா. ஆஸ்பத்திரி கடலுக்குப் பக்கத்துலயாம், பச்சையக் கண்ணால பாக்காம வரமாட்டாளாம்.”

“சரியாயிருச்சுன்னு சொல்லிப் பாருங்க.”

“சொல்லாமலா இருப்பேன்? ஏதாச்சும் ஒரு பச்ச பல்ப மாட்டிக் கொண்டாங்களேன்!”

“கணக்கா மூணு தடவை மின்னலைன்னா பொய்யின்னு கண்டுபிடிச்சிருவா.”

பின்னால் திவ்யாவின் அலறல் கேட்டது. அமிர்தவல்லி போனை வைத்துவிட்டாள்.

அவன் சென்னைக்கு அடித்தான். நிலம் ஆடியதைச் சொல்லத் தீவு முழுக்க மெயின்லேண்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. லைன் பிஸி. மறுபடி பிஸி. மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டே அழுத்தினான். பதினான்காவது முறை கோகுல் எடுத்தான்.

“சார், நானும் அடிச்சுக்கிட்டே…”

“எட்டாவது வரி. சொல்லு.”

சிப் ஏற்றுக்கொண்டது. பச்சை மூன்று முறை மின்னி ஓய்ந்தது. அவன் பெட்டியோடு மேட்டை நோக்கி ஓடினான்.

திவ்யா கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்திருந்தது. அவன் பெட்டியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அவள் உதடு அசைய எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஓய்வு. மறுபடியும் எண்ணினாள். பிறகு கம்பியை விட்டாள்.

“ஆயியே தீதி, வாங்க அக்கா. ஆனா இப்போ கடிக்கக் கூடாது,” என்றான், கையில் துணி சுற்றியிருந்த ஆட்டோக்காரன்.

பிற்பகல் மூன்று மணிக்கு வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டரம்மா.

மாலையில் கோகுல் கூப்பிட்டான்.

“என்ன சார் ஆச்சு?”

“பொண்ணு. ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்க.” உதயசூரியன் மூக்கை உறிஞ்சினான்.

“அழாதீங்க சார். ஒண்ணு கேக்கணும். நாங்க கம்பைலரை எல்லாருக்கும் பொதுவுல போடறோம்ல? உங்க பெட்டியோட டிசைனையும் அப்படிப் போட்டுருங்க. கடலோரத்துல வீட்டுக்கு வீடு வைக்கலாம். எத்தனை உசிரு தப்பிக்கும்! கடலைப் பாக்க என்ன சென்சார் போட்டிருக்கீங்க?”

உதயசூரியன் வார்டுக்குள் பார்த்தான். குழந்தையை அணைத்தபடி திவ்யா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அவன் வராந்தாவின் கோடிக்கு நடந்துபோய், குரலைத் தாழ்த்தினான்.

“சென்சாரே கிடையாது தம்பி. அதுக்கு மின்ன மட்டும்தான் தெரியும்.”