இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

மாப்பிள்ளையின் பிடி மச்சானின் கழுத்தில் இறுகுகிறது. மேஜைமேல் இரண்டு இணைய மோடம்களும் சிவப்பாக முறைக்கின்றன. கணினியில் டெண்டர் பாதி ஏறி நிற்கிறது. ஐந்து மணிக்குள் போகாவிட்டால் அலுவலகத்துக்குப் பூட்டுதான். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு கைகொடுக்கும்னு மார்தட்டினியே!" மச்சானின் தலை சுவரில் மோதுகிறது. கடிகாரம் விழுந்து கண்ணாடி சிதறுகிறது. "ரெண்டும் வேற வேற கம்பெனி மாப்ளே..." கிழிந்த உதட்டில் ரத்தம் வழிகிறது. மாப்பிள்ளை அவர் முகத்தை ஜன்னல் கம்பியில் அழுத்துகிறான். "வேற கம்பெனி, ஒரே கம்பம்! கண்ணு எங்க போச்சு?" கீழே லாரி மோதிச் சாய்ந்த கம்பத்தடியில் இரண்டு கேபிள்களும் பின்னிக் கிடக்கின்றன. மச்சான் மூச்சுத் திணறியபடி மாப்பிள்ளையின் சட்டைப்பையைத் தட்டுகிறார். "உன் போன்ல... நெட் இருக்கேடா... அதுல அனுப்பு..." பிடி தளர்கிறது. தரையில், உடைந்த கண்ணாடிக்கடியில், கடிகார முள் ஐந்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.