பாட்டை நிறுத்திய பிறகு

கல்லுடைக்கும் கிரஷரின் இரைச்சலை அமுக்கத்தான் துரைக்கண்ணு ஹெட்போனில் டெத் மெட்டல் கேட்க ஆரம்பித்தான். தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பாட்டுகளை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு இன்று குமட்டிக்கொண்டு வந்தது. பாட்டை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினான். கத்தல் மட்டும் நிற்கவில்லை. கல் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சல்லி அள்ள இறங்கிய ஆரோக்கியம் மாமா நினைவுக்கு வந்தார். எவ்வளவு நேரமாகக் கத்துகிறாரோ, பாட்டென்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டோமே என்று ஓடிப்போய் மெஷினை நிறுத்தினான். உடம்பெல்லாம் தூசி வெளுக்க ஆரோக்கியம் ஏறி வந்தார்.

“எதுக்குடா மாப்ள நிறுத்துன? பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“நீங்கதானே மாமா கத்துனீங்க?”

“நானா? வாயத் தொறந்தா ஒரு படி தூசில்ல உள்ள போகும்!”

சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். கத்தல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அசையாமல் நின்ற மெஷினை மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“யார்ரா அது?”