தெம்புக்கு இரண்டு கரண்டி

விளக்கணைத்த ஸ்கேன் அறையில் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் லிஃப்ட் மெக்கானிக்கின் வெற்று மார்பில் விழுகிறது. ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், விலாவில் பூசிய பசை மினுங்குகிறது. கால்மாட்டு ஸ்டூலில் அவர் மனைவி, மடியிலிருக்கும் ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்தபடி திரையையே பார்க்கிறாள். பலமில்லாத கை ஈரத்துணியைப் பிழிவதுபோல, அங்கே அவர் இதயம் பாதி சுருங்கி விட்டுவிடுகிறது. "ரத்தத்துல சர்க்கரை கொட்டிக் கெடக்குதும்மா," என்கிறார் டாக்டர். "ஆனா இதயத்தோட செல்லுங்களால அதைச் சரியா எடுத்து எரிக்க முடியல. கொழுப்பை எரிச்சே ஒப்பேத்துது, அதுல தெம்பு பத்தல. தட்டு நெறைய சோறு இருந்தும் அள்ளக் கை வராத கதைதான்." அவள் டாக்டர் பக்கம் திரும்புகிறாள். "இனிமே சரியாயிடுங்களா?" "போனது போனதுதான்மா. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்." மாடியேறி அவருக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம், சர்க்கரை நோய்க்குப் போடும் மாத்திரையால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டதென்றே அவள் நினைத்தாள். சோதித்துப் பார்த்ததில்லை. ஓடிப்போய் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். "இப்பத்தான் உசுரே வந்துச்சு," என்பார் அவரும். விளக்கு எரிகிறது. டாக்டர் சொன்னதில் பாதிகூட அவர் காதில் ஏறவில்லை. காகிதத்தால் மார்பைத் துடைத்துவிட்டு, இளைத்து இளைத்து உட்காருகிறார். "ஏன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? அந்த டீயை ஊத்து. ஒரு வாய் குடிச்சாத்தான் எழுந்து நடக்க முடியும்." கையை நீட்டுகிறார். அவள் மடியில் ஃபிளாஸ்க் இன்னும் சூடாகவே இருக்கிறது.