விற்காத டோக்கன்கள்

ராஜபாளையத்து சூர்யபிரகாஷ் வடிவமைத்த பிளாக்செயின் ஆப்பில் தினமும் ஒருமுறை பட்டனை அழுத்தினால் ஒரு டோக்கன் சேரும். விற்காமல் பொறுமையாக வைத்திருந்தால் மதிப்பு கூடும். ஆனால் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் கிடைத்ததை விற்றுவிட்டு ஓடிப்போனார்கள்.

"அந்த ஒருத்தர் ஏன் நிக்காகன்னு தெரிஞ்சாத்தான் கம்பெனி பொழைக்கும். இல்லன்னா இழுத்து மூட வேண்டியதுதாம்லே" என்றான் கூட்டாளி ராம்குமார்.

இருவரும் பொன்னாடை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். அந்த ஒருவரான வெங்கடேஸ்வரி, தன் தையல்கடையில் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நானூத்திப் பன்னெண்டு நாளா ஒருநாளும் தவறாம அழுத்துறீங்களேக்கா!" என்றான் சூர்யபிரகாஷ்.

"விட்டா எடம் போயிரும்லா தம்பி."

"ஒரு டோக்கனக்கூட விக்கலையே?"

"டோக்கனப் போயி விப்பாகளா? தப்பில்லையா?"

சூர்யபிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவியள மாதிரி நூறு பேர் போதும்லே" என்று ராம்குமாரிடம் சொல்லி, பொன்னாடையைப் போர்த்தினான்.

வெங்கடேஸ்வரி பரபரவென்று எழுந்து, டிராயரிலிருந்து ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் எடுத்தாள்.

"ஒருவழியா என் நம்பரைக் கூப்பிட்டுட்டாக! எந்த ஜன்னலுக்குப் போகணும் தம்பி? ஆமா, என்ன குடுக்காக?"