எர்மினியாவின் முறை

"தண்ணி உரிமை வெச்சிருக்கிறவங்க தோட்டம் இருக்கிற லட்சணத்தைப் பாருங்கண்ணே!"

ரொகேலியோ வேலிக்கு அப்பால் கையை நீட்டினான். பக்கத்து வீட்டு எர்மினியாவின் ரோஜாச் செடிகள் முப்பதும் சுள்ளியாக நின்றன. மெந்தோசாவில் ஜனவரிதான் நடுக்கோடை; வெயில் ஓர் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவெலினோ சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, தொப்பியால் விசிறிக்கொண்டார். வாய்க்காலில் வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்காரர் அவர்.

"இப்ப என் தோட்டத்தைப் பாருங்க."

பார்க்காமல் இருக்க முடியாது. அந்த வருஷம் மலையில் பனி குறைவு; அது உருகி வாய்க்காலுக்கு வரும் தண்ணீரும் குறைவு. எட்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வந்த தண்ணீரை வாய்க்கால் சங்கம் அரை மணியாக்கிவிட்டது. ஊரில் பாதித் தோட்டம் கருகிப்போனது. ரொகேலியோவிடம் மட்டும் தக்காளி கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"ரெண்டு மாசம் டெலியாவோட ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன். அப்பவும் இது வாடலையே, ஏன்? போறதுக்கு முன்னாடி ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினேன். மேற்குப் பக்கம் நிழல் வலை கட்டினேன். விவசாயத்துக்கு மூளை வேணும்ணே!"

"வைக்கோல் நல்லதுதான்" என்றார் அவெலினோ.

"இந்தம்மாவுக்கு என்ன குறைச்சல்? புருஷன் வெச்ச ரோஜா. வருஷா வருஷம் பரிசு வாங்கின ரோஜா. அதைக் காயப்போட்டுட்டு, உள்ள உக்காந்து மாத்தே டீ உறிஞ்சிக்கிட்டிருக்கு. அந்த மனுஷன் பாத்தா அழுவாரு."

"ரொகேலியோ, மெதுவாப் பேசு. அக்கா காதுல விழப்போகுது."

திராட்சைப் பந்தலுக்கடியில், நாற்காலியில் இருந்த அவன் மனைவி டெலியா சொன்னாள். தலையில் துணி கட்டியிருந்தாள். குரல் பாதியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே கஞ்சிகூட இறங்காதவள், வந்த அன்றைக்குத் தோட்டத்தைப் பார்த்து அழுதாள். அப்புறம் தானே ஒரு தக்காளியைப் பறித்து, உப்புத் தொட்டு முழுசாகத் தின்றாள்.

"விழட்டும்! ஒரு வாரமா அதுக்குத்தானே கத்தறேன்!"

விழுந்துவிட்டது போலிருக்கிறது. எர்மினியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எழுபது வயசு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன ரொகேலியோ, இன்னிக்கும் என் ரோஜாதானா?"

"வேற என்ன பேச? அவனவன் ஒரு வாளித் தண்ணிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியறான். உங்க முறை வருது, போகுது. ஒரு செடிகூட நனையல. பயிர் பண்ண முடியலைன்னா, முடிஞ்சவனுக்குத் தண்ணியை விட்டுக்கொடுக்கணும்!"

"அதுவும் சரிதான்ப்பா" என்றார் எர்மினியா. டெலியாவைப் பார்த்து, "இன்னிக்குச் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். டெலியா தலையசைத்ததும் உள்ளே போய்விட்டார்.

"பாத்தீங்களா? சுரணையே இல்ல!"

ரொகேலியோ சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "சங்கத்துக்கு மனு. இந்தம்மா முறைத் தண்ணியைப் பயன்படுத்தறதில்ல, அந்த முறையை என் பேருக்கு மாத்தித் தரணும். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அவெலினோ தாளை இரண்டு தடவை படித்தார். அந்த ஊரில் முறை போனால் நிலம் வெறும் மணல். வீட்டை விற்றால்கூட வாங்க ஆள் வராது.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க" என்றார் மெதுவாக. "ஆனா இந்தத் தாளைப் பாத்தப்புறம் வாயை மூடிக்கிட்டிருந்தா அதுதான் பாவம்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நீ டெலியாவை ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போன மறு வாரம், உன் மடையை நான்தான் திறந்தேன். அரை மணித் தண்ணி மூணாவது பாத்தியைத் தாண்டல. வைக்கோலுக்கு அடியில மண்ணு பொடியாக் கிடந்துச்சு. செடியெல்லாம் தலை சாஞ்சிடுச்சு. எர்மினியாம்மா வேலியோரம் நின்னு பாத்தாங்க. 'அவெலினோ, என் மடையை மூடிடு. என் அரை மணியையும் அவன் தோட்டத்துக்கே விடு'ன்னாங்க. 'அப்ப ரோஜா?'ன்னு கேட்டேன். 'அதை யாரும் திங்கப்போறதில்ல'ன்னுட்டு உள்ள போயிட்டாங்க."

ரொகேலியோ வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா... ஒவ்வொரு முறையுமா?"

"ஒண்ணுகூடத் தவறல."

அவன் டெலியாவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ரொகேலியோ காய்ந்த ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அவங்க அடுத்த முறை எப்பண்ணே?"

"நாளைக்குக் காலையில, ஆறு மணிக்கு."

"அந்த மடையைத் திறந்துடுங்க. என் அரை மணியையும் சேத்து அங்கயே விடுங்க. வேர்ல உயிர் இருந்தா துளிர்த்துக்கும்."

"முடியாதுப்பா."

"ஏன்?"

அவெலினோ சைக்கிளை நிமிர்த்தினார்.

"நேத்து நீ அவங்களைத் திட்டித் தீர்த்துட்டு உள்ள போனல்ல, அதுக்கப்புறம்தான் வாய்க்கால் வரைக்கும் நடந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'டெலியா இப்பத்தான் வாய் திறந்து சாப்பிட ஆரம்பிச்சிருக்கா. தக்காளி ஓயற வரைக்கும் என் மடையில நீ கை வைக்கக் கூடாது'ன்னு."