சிவப்புக் காரை வாங்க வந்த இருவர்

சூசை மெக்கானிக்கின் பட்டறையில் ஐம்பது வருடப் பழைய அமெரிக்கக் கார் ஒன்று, புதுச் சிவப்புப் பெயின்ட்டுடன் விற்பனைக்கு நின்றது. பழைய கார்கள் சேகரிக்கும் கனகசபை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணாடி அறை கட்டி நிறுத்துவேன். தூசுகூடப் படாது."

கார் பூரித்துப்போனது. பக்கத்தில் நின்ற ரெக்கவரி வண்டியிடம், "கேட்டியா? ராஜ வாழ்க்கை!" என்றது.

"கேட்டேன். அங்க உன்னைத் தூக்கிட்டுப் போய் இறக்கப்போறதே நான்தான்."

"அப்புறம் எப்ப ஓடுவேன்?"



"ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா சார்?" என்று சூசை ஆசையோடு கேட்டார்.

"எதுக்கு? நிக்கத்தானே போகுது."

நாலு வருடம் அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டியவர் சூசை. "யோசிச்சுச் சொல்றேன் சார்," என்று கனகசபையை அனுப்பிவிட்டார். ராஜ வாழ்க்கை போச்சே என்று காருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மாட்டு டாக்டர் தில்ஷாத் வந்தார். வெளியே மழை கொட்டியது.

"இதுல தினமும் ஊர் ஊராப் போகணும். மழையில ஓட்டலாமா?"

"பெயின்ட் கெடும் மேடம்," என்ற சூசை, சிரித்தபடி சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாருங்க."

சாவியின் முதல் திருப்பிலேயே கார் உறுமி எழுந்தது.

"ஏய், சேறு அடிக்கும்!" என்று கத்தியது ரெக்கவரி வண்டி.

"அடிக்கட்டும்!" என்று கூவிக்கொண்டே கார் கேட்டைத் தாண்டியது.